பேர் இல்லாத கூப்பாடு

கூப்பிடுவதற்கு முன்னால் சென்னம்மாள் பலாமரத்தை ஒரு கையால் தள்ளுவாள்.

மரம் நகரப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் வாயில் கிடக்கும் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, 'ம்க்கும்' என்று ஒரு கனைப்புக் கனைத்து, வலது உள்ளங்கையை அடிமரத்தில் ஊன்றி, சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளுகிறவளைப்போல ஓர் அழுத்து அழுத்திய பிறகுதான் வாயைத் திறப்பாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் சுகுணா இதைப் பார்த்துவிட்டு, மாமியாருக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது என்று நினைத்தாள். சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடினாள். பக்கத்தில் போய் நின்ற நேரம் பார்த்துக் கூப்பாடு கிளம்பியது. சொம்பு கீழே விழுந்து நசுங்கியது. அந்த நசுங்கல் இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு மாமியாரின் கை மரத்துக்குப் போகிறது என்றால், சுகுணா தன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள்.

சுகுணா அதிகம் பேசமாட்டாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சம். அதனால் பார்ப்பதும் கேட்பதுமே அவள் வேலையாகிவிட்டது. பல வருஷம் அப்படிப் பார்த்ததில், மரத்தில் கை படும் இடம் மட்டும் பட்டை தேய்ந்து வழவழப்பாகிப்போனதுகூட அவளுக்குத் தெரியும்.

வீடு மலையின் இந்தச் சரிவில் இருக்கிறது. கீழே பள்ளத்தில் ஓடை. எதிர்ச் சரிவில் சின்னுசாமியின் மிளகுத் தோட்டம். அதற்கும் மேலே, மேட்டைத் தாண்டினால் ரோடு. ரோட்டோரம் பாப்பாயியின் டீக்கடை. தேவனூர் நாடு என்கிற இந்த மலை வட்டாரத்தில் எல்லா இடத்துக்கும் போன் வந்துவிட்டது. இந்தப் பள்ளத்துக்கு மட்டும் அது இறங்கவில்லை. டவர் வேண்டுமென்றால் பாப்பாயி கடைக்குப் போய் நிற்க வேண்டும். பாப்பாயி கடைக்குப் போய்விட்டவருக்குப் போன் எதற்கு?

ஆகவே அங்கே கூப்பாடுதான். அதற்கு ஒரு பழக்கமும் உண்டு. கூப்பிடப்பட்டவர் 'ஓ' கொடுக்காவிட்டால், நடுவில் யார் காதில் அது விழுந்ததோ அவர் அதை வாங்கி அடுத்த ஆளுக்குக் கைமாற்றிவிட வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. அவசரமா, சும்மாவா என்று எடைபோடக் கூடாது. சண்டைபோட்டுப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட ஒருவர் கூப்பாட்டை ஒருவர் கைமாற்றுவார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கைமாற்றுவார்கள்.

ஒவ்வொரு கூப்பாட்டிலும் ஒரு பேர் இருக்கும். சென்னம்மாள் தன் புருஷனைக் கூப்பிடும்போது மட்டும் பேர் இருக்காது. குழந்தைசாமி என்ற அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. மற்றப் பெண்கள் பிள்ளையின் பேரோடு அப்பாவைச் சேர்த்துக் கூப்பிட்டுவிடுவார்கள். சென்னம்மாளுக்கு அந்தச் சுற்றுவழி பிடிக்காது. "ஏனுங்கோ... ஓ... ய்" என்று வெறும் சத்தமாகவே அனுப்புவாள். கடைசியில் அந்த 'ய்' மட்டும் மேலே ஏறி, எதிர்மேட்டைத் தாண்டி அந்தப்பக்கம் இறங்கும். பேர் இல்லாமல் ஒரு சத்தம் வந்தால் அது குழந்தைசாமிக்கு என்பது இரண்டு சரிவுக்கும் தெரியும்.

குழந்தைசாமிக்கும் தெரியும். ஆனால் அவருக்கென்று ஒரு மரியாதை இருந்தது. முதல் கூப்பாடு அவர் காதில் விழாது. இரண்டாவது, சின்னுசாமி வாய்வழியாக வரும். அப்போது டீ கொஞ்சம் மீதி இருக்கும். மூன்றாவதைப் பாப்பாயி நேரிலேயே சொல்வாள்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல கூப்புடறாங்க. இங்கியே இருந்தீங்கன்னா நான் சோறு போட மாட்டனுங்க, சொல்லிப்புட்டேன்."

அதற்கு முன்னால் எழுந்தால் பொண்டாட்டிக்குப் பயந்தவர். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தால் பட்டினி. இரண்டுக்கும் நடுவில் சரியாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தானாகவே கிளம்புகிறவரைப் போல அவர் கிளம்புவார்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் சென்னம்மாளின் கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. முதலில் அவள் அதை மதிக்கவில்லை. கட்டி நாரத்தங்காய் அளவுக்கு வந்து, சோறு விழுங்கும்போது உறுத்தியது. மகன் வேல்முருகன் தன் சரக்கு வேனில் உட்கார வைத்துக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். தைராய்டு என்றார்கள். எடுத்துவிடலாம், ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு கட்டியோடு ஒட்டியிருக்கிறது, குரல் கொஞ்ச நாள் கம்மிப்போகலாம் என்று முன்பே சொன்னார்கள்.

"கொஞ்சம் கம்முனா நல்லதுதானுங்களே" என்றார் குழந்தைசாமி. டாக்டர் சிரித்துவிட்டார். சென்னம்மாள் சிரிக்கவில்லை.

கட்டி நல்லபடியாக வெளியே வந்தது. கெட்ட கட்டி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் கண் விழித்த சென்னம்மாள் தண்ணீர் கேட்டபோது, சுகுணாவின் காதில் வெறும் காற்றுதான் விழுந்தது. தண்ணீர் கொடுத்தால் புரையேறியது. இருமினால் அந்த இருமலிலும் சத்தம் இல்லை. புஸ்ஸென்று போனது. சென்னம்மாள் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கட்டியோடு சேர்த்து வேறு எதையோ எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு சரிவே அடங்கிப்போயிற்று. ஆடுகள் கண்ட இடத்தில் மேய்ந்தன. கோழிகள் அரிசி காய்ந்த பாயில் தைரியமாக ஏறின. சென்னம்மாள் கையை ஆட்டி, காலைத் தட்டி, கடைசியில் துரத்திக்கொண்டு ஓடினாள். மூச்சும் சீக்கிரம் வாங்கியது.

"சாமி எனக்குக் குடுத்த லீவு" என்று குழந்தைசாமி டீக்கடையில் சொன்னார் என்று கேள்வி.

அவரைக் கூப்பிட என்ன செய்வது என்பது பெரிய பிரச்சினையாயிற்று. சுகுணா ஒருநாள் துணிந்து பலாமரத்தடியில் நின்று "மாமா" என்றாள். மாட்டுக்கொட்டகையில் கன்றுக்குட்டி திரும்பிப் பார்த்தது. அதைத் தாண்டி அது போகவில்லை. ஈயத் தட்டைத் தட்டிப் பார்த்தார்கள். சின்னுசாமி தோட்டத்தில் யாரோ குரங்கு ஓட்டுகிறார்கள் என்று ஓடையில் துணி துவைத்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வேல்முருகன் செம்மேட்டுச் சந்தையிலிருந்து ஒரு விசில் வாங்கி வந்தான். அது நன்றாகவே கேட்டது. ஆனால் குழந்தைசாமி வரவில்லை.

"விசிலு ஊதுனா வர்றதுக்கு நான் என்ன பஸ்ஸா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் திரும்ப வரச் சொன்ன நாளில் சுகுணா மாமியாரோடு போனாள். குரலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். பேர் சங்கீதா. சின்ன வயசு, நிதானமான பேச்சு. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு டாக்டர் தொண்டைக்குள் பார்த்தார். அதை டி.வி.யில் சங்கீதா அவர்களுக்கும் காட்டினாள். ஈரமான சிவப்புக் குழிக்குள் வெள்ளையாய் இரண்டு மடிப்புகள். ஒன்று அசைந்தது. ஒன்று அசையவில்லை.

"அம்மா, இதுதான் உங்க குரல்நாண்" என்றாள் சங்கீதா. இரண்டு விரல்களின் நுனியைச் சேர்த்துக் கவட்டைக் குச்சிபோல் பிடித்துக் காட்டினாள். "முன்னாடி ஒட்டியிருக்கும். பின்னாடி திறந்து மூடும். மூச்சு விடறப்போ இப்படி விரியும். பேசணும்னு நினைச்சதுமே இப்படி மூடிக்கும். கீழேருந்து வர்ற காத்து அந்த இடுக்குல முட்டி வெளியே வர்றப்போ ரெண்டும் படபடன்னு அதிரும். அந்த அதிர்வுதாம்மா சத்தம். மூடறதுக்குச் சில தசை இருக்கு. திறக்கறதுக்கு ஒரே ஒரு ஜோடிதான். நாணை இழுத்துப் பிடிச்சு சத்தத்த மேல ஏத்தறதுக்குத் தனியா இன்னொரு ஜோடி."

"இத்தன ஆளு வேல செய்யறாங்களா கண்ணு, ஒரு கூப்பாட்டுக்கு?" சென்னம்மாள் காற்றாகவே கேட்டாள்.

"ஆமாம்மா. உங்களுக்கு வலது பக்கம் ஒழுங்கா வேலை செய்யுது. இடது பக்கத்துக்குப் போற நரம்பு இழுபட்டுப்போச்சு. அறுபடலை. ஆனா இப்போதைக்கு அந்தப் பக்கத்து நாண் பாதி திறந்தபடியே நிக்குது. வலது பக்கம் நடுவுக்கு வந்து காத்திருந்து பாத்துட்டுத் திரும்பிப் போகுது. அந்தச் சந்துல காத்து ஓடிப்போயிடுது."

சென்னம்மாள் டி.வி.யை உற்றுப் பார்த்தாள். பிறகு சுகுணாவின் காதுப்பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"இடதுபக்கம் நம்மூட்டுக்காரராட்ட இருக்குது கண்ணு. கூப்புட்டா வராது."

சுகுணாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சங்கீதா என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவளும் சிரித்தாள். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, அந்த நரம்பு வருகிற வழியையும் சொன்னாள். மூளையிலிருந்து இறங்கி வருகிற பெரிய நரம்பு ஒன்று கழுத்து வழியாகப் போகிறது. குரல்வளைக்கு உரிய கிளை அங்கேயே பிரியாமல், நெஞ்சு வரைக்கும் இறங்கி, இருதயத்திலிருந்து வருகிற பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு, திரும்ப மேலே ஏறிக் குரல்வளைக்கு வருகிறது. ஏறுகிற வழியில்தான் தைராய்டு.

"பக்கத்துலயே இருக்கறதுக்கு எதுக்குச் சாமி அவ்வளவு தூரம்?" என்றாள் சென்னம்மாள். "நாங்க புளியஞ்சோலைக்குப் பஸ்ஸுல போறாப்புல இருக்குது. மலை ஓரத்துல நின்னா காலடியில தெரியும். பஸ்ஸுல போனா நாமக்கல்லச் சுத்தித் துறையூர் போயி வரோணும்."

"அதேதாம்மா. தூரம் அதிகம். அதனால சரியாகறதுக்கும் நாளாகும். பொறுத்துப் பாப்போம். இடது பக்கம் தானா அசைய ஆரம்பிக்கலாம். இல்லைன்னா வலது பக்கம் கொஞ்சம் எட்டிப்போய்த் தொடப் பழகிக்கலாம். ரெண்டும் நடக்கலைன்னா, இடது பக்கத்தை நடுவுக்குத் தள்ளி வைக்கறதுக்கு இன்னொரு சின்ன ஆபரேஷன் இருக்கு."

ஆபரேஷன் என்றதும் சென்னம்மாளின் கை கழுத்துக்குப் போய்விட்டது. அந்தக் கை பயிற்சி தொடங்கும்வரை கீழே இறங்கவில்லை. இறக்கச் சொல்லித்தான் சங்கீதா இறக்க வைத்தாள். ஏனென்றால் பயிற்சிக்குக் கை வேண்டும்.

"சுவத்துல உள்ளங்கைய வச்சு நல்லா அழுத்தித் தள்ளுங்கம்மா. பலமா எதையாவது தள்ளறப்போ அந்த ரெண்டு மடிப்பும் தானாவே இறுகி மூடப் பாக்கும். அந்த நேரத்துல 'ஆ'ன்னு சத்தம் கொடுங்க. காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். தொண்டை வலிச்சா நிறுத்திடணும்."

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலைப் பஸ்ஸில் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து ஏறும்போதுதான் சென்னம்மாள் மெல்லச் சொன்னாள்.

"பலாமரத்தத் தள்ளறதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கறோம் கண்ணு."

அன்றிலிருந்து மரத்தைத் தள்ளுவது வைத்தியமாயிற்று. சென்னம்மாளுக்கு அதில் கூச்சம் வந்துவிட்டது. ஊரே கேட்கக் கூப்பிட்டவளுக்கு, காற்றாக வருகிற 'ஆ'வை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். ஆம்பளைகள் ரோட்டுக்குப் போன பிறகு, சுகுணா ஒருத்தி மட்டும் இருக்கும் நேரத்தில் போய் நிற்பாள். தள்ளுவாள். புஸ்ஸென்று வரும். சுகுணா அந்தப்பக்கம் பார்க்காமல் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருப்பாள்.

"கேட்டுதா?"

"கேட்டுதுங்க அத்தை."

"பொய் சொல்லாத."

"கொட்டகை வரைக்கும் கேட்டுதுங்க."

அது பொய்தான். கன்றுக்குட்டி திரும்பவில்லை.

இதற்கு நடுவில் குழந்தைசாமியிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கூப்பாடு இல்லாத லீவை அவருக்கு அனுபவிக்கத் தெரியவில்லை. எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பது புரியாமல் போயிற்று. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று காதைத் தீட்டிக்கொண்டு, "சத்தம் கித்தம் வந்துச்சா?" என்று பாப்பாயியைக் கேட்பார். அவள் இல்லை என்பாள். எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து வந்துவிடுவார். உலை கொதிக்கும் முன்பே வாசலில் நிற்பார். சென்னம்மாளுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது.

"கூப்புடாமயே வந்து நிக்கறாரு பாரு" என்று சுகுணாவிடம் பொருமினாள். "நான் செத்தா போயிட்டேன்?"

மிளகு பறிக்கும் காலம் வந்தது. ஆஸ்பத்திரியில் அடுத்துப் பார்க்கப்போகும் நாளும் நெருங்கியது. அந்த முறை போகும்போது கத்தியா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். சென்னம்மாள் மரத்தடியில் நிற்கும் நேரம் கூடிப்போனது.

ஒருநாள் முற்பகல். சுகுணா அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வழக்கம்போலப் புஸ், புஸ் என்று கேட்டது. பிறகு கொஞ்சம் அமைதி. சென்னம்மாள் வெற்றிலையைத் துப்பும் சத்தம். அதற்குப் பின்னால் 'ம்க்கும்'. சுகுணா கையிலிருந்த அரிசி முறத்தைத் தன்னையறியாமல் கீழே வைத்தாள். முறத்தைக் கீழே வைத்த பிறகுதான், அந்தக் கனைப்பில் சத்தம் இருந்தது என்பது அவளுக்கு உறைத்தது.

"ஆ... ஆ... ஆ..."

கரகரவென்று, நடுவில் ஓரிடத்தில் உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு அது போனது. கன்றுக்குட்டி எழுந்து நின்றது.

எதிர்ச் சரிவில் சின்னுசாமி, மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் சாத்திய மூங்கில் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் ஒரு சத்தம் விழுந்தது. பேர் இல்லாத சத்தம். பேர் இல்லை என்றால் அது யாருக்கு என்று அவன் யோசிக்கவே வேண்டியதில்லை. ஏணியில் நின்றபடியே மேட்டைப் பார்த்துக் கைமாற்றினான். மேட்டில் ஆடு மேய்த்த ஆள் வாங்கி ரோட்டுக்குக் கொடுத்தான். சுகுணா இதையெல்லாம் அடுப்படியிலிருந்தே கேட்டாள். ஒரு 'ஆ' மலையேறிப் போவது காதுக்குத் தெரிந்தது. சென்னம்மாளோ கண்ணை மூடிக்கொண்டு அடுத்த 'ஆ'வுக்கு மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதுவும் கிளம்பியது. அதையும் கைமாற்றினார்கள்.

உலை கொதிப்பதற்குள் குழந்தைசாமி வந்து சேர்ந்தார். அவர் அந்த வேகத்தில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. தோளில் துண்டு இல்லை. கையில் பாப்பாயி கடை டீ கிளாஸ் இருந்தது. அதில் டீ இல்லை, வழியெல்லாம் சிந்திவிட்டது. பின்னாலேயே சின்னுசாமி இடுப்பில் மிளகுப் பையோடு ஓடிவந்தான்.

"என்னாச்சு புள்ள?" என்றார். மூச்சு வாங்கியது. "புரையேறிப்போச்சா? பாம்பு கீம்பா?"

சென்னம்மாள் கண்ணைத் திறந்தாள். ஆம்பளைகள் இரண்டு பேர் முன்னால் மரத்தைத் தள்ளிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"உங்கள ஆரு கூப்புட்டா?"

"நீதான் கூப்புட்ட."

"நான் கூப்புடலீங்க. நான் வைத்தியம் பாத்துட்டிருக்கறேன்."

"சின்னுசாமி கைமாத்துனானே."

சென்னம்மாள் சின்னுசாமியைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"பேரு இல்லாம வந்துச்சுங்கக்கா. பேரு இல்லீன்னா மாமனுக்குத்தானுங்களே. செரின்னு கைமாத்திப்புட்டேன். ரெண்டாவதும் வரவும், மாமன் ஓட ஆரம்பிச்சுட்டாருங்க. பாப்பாயக்கா கிளாஸு, கிளாஸுன்னு கத்துனது எனக்கே கேட்டுது."

பிறகு சென்னம்மாள், குரல் இன்னும் கரகரக்க, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எந்த மரத்துல நின்ன?"

"ஓடைப்பக்கத்து மரமில்லீங்கக்கா. மேக்கால மரம். பாறையொட்டி நிக்குதே."

சென்னம்மாள் எதிர்ச் சரிவைப் பார்த்தாள். பாறை தெரிந்தது. பாறையையொட்டி மரமும், அதில் சாத்திய ஏணியும் தெரிந்தன. அவள் பார்வை அங்கே போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்தது.

"மாடு கத்துனாப்புல இருந்துச்சுங்க" என்று சின்னுசாமி உண்மையையும் சேர்த்துச் சொன்னான்.

"மாடாட்டதான் இருந்திருக்கும்" என்றார் குழந்தைசாமி. கல்லின்மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைக்கத் துண்டைத் தேடினார். துண்டு டீக்கடையில் இருந்தது. "எனக்கு எங்க கேட்டுது? அந்த மரம் வரைக்குந்தான் வந்திருக்குது. மீதியெல்லாம் அடுத்தவன் தொண்டை."

"கேக்காமயா கிளாஸத் தூக்கிட்டு ஓடியாந்தீங்க?"

அவர் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கூப்புட்டது கூப்புட்டாச்சு. சோத்தப் போடு" என்றார்.

உலை அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது. சுகுணா முதல்நாள் வேகவைத்த கிழங்கை எடுத்து இரண்டு பேருக்கும் வைத்தாள். வைக்கும்போது மாமனார் காலிக் கிளாஸை இன்னும் கீழே வைக்காமல் பிடித்திருப்பதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று குழந்தைசாமியும் கூட வந்தார். கம்பு வாங்க வேண்டியிருக்கிறது என்று காரணம் சொன்னார். திரும்ப அதே குழாய், அதே டி.வி. சென்னம்மாள் கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். இடது பக்கம் அசையவில்லை. அன்றைக்கு இருந்ததுபோலவே நின்றது. அவள் முகம் விழுந்துவிட்டது.

"'ஈ'ன்னு சொல்லுங்கம்மா" என்றாள் சங்கீதா.

சென்னம்மாள் சொன்னாள். வலது மடிப்பு நடுவுக்கு வந்தது. நடுவோடு நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் அந்தப்பக்கம் போய், அசையாமல் நின்ற இடதைத் தொட்டு, அதோடு சேர்ந்து அதிர்ந்தது.

"எட்டிப்போய்ப் பிடிச்சிடுச்சு பாருங்க" என்றாள் சங்கீதா. டாக்டரும் பார்த்துவிட்டு, நரம்பு இன்னும் வேலைக்கு வரவில்லை, வந்தாலும் வரலாம், இல்லாவிட்டாலும் இப்போது ஆபரேஷன் தேவையில்லை என்றார்.

"மேல ஏறுமா கண்ணு? கடேசில ஒரு 'ய்' வரோணும்" என்று சென்னம்மாள் கேட்டாள்.

"சத்தத்த ஏத்தற தசைக்கு வேற நரம்பும்மா, அது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏத்தும்போது சந்து சரியா மூடலைன்னா காத்து ஓடும். அந்த உச்சி கஷ்டந்தான். இருக்கறத வச்சுப் பேசுங்க. ரொம்பக் கத்த வேண்டாம்."

"கத்த வேண்டாம்னு சொல்லிட்டாங்கல்ல" என்றார் குழந்தைசாமி.

சென்னம்மாள் அவரைப் பார்க்காமல், டி.வி.யில் நின்ற படத்தைப் பார்த்தாள். "வராத ஆள, நாமதான் போயிக் கூட்டியாரோணும்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றாள் சுகுணாவிடம்.

இன்றைக்குச் சென்னம்மாளின் குரல் சின்னுசாமியின் மேற்குப்பக்க மரம் வரை போகிறது. அதற்குமேல் போவதில்லை. கடைசி 'ய்' திரும்பி வரவில்லை. மரத்திலிருந்து மேட்டுக்கும், மேட்டிலிருந்து கடைக்கும் மற்றவர்கள்தான் கொண்டுபோகிறார்கள். இடது நாண் அசைவதில்லை. தண்ணீர் குடிக்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறாள். பாப்பாயியின் டீ கிளாஸ் இன்னும் திருப்பித் தரப்படாமல் அடுப்படி அலமாரியில் இருக்கிறது. குழந்தைசாமி பழையபடி மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறார்.